விடுமுறைக்கு வந்த முதுகுவலி

இந்த ஆகஸ்ட் மாதம் பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. பல் விளக்கும் பிரஷ்ஷைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

நான் பந்தெலிஸ். கிரீஸில், பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் பெயின்ட் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கடலில் ஓடுகிற கப்பல்களில் பாதிக்குச் சட்டை மாட்டிவிட்டது நான்தான். மீதிப் பாதி அம்மணமாக ஓடுகிறது என்பது என் கருத்து. நூல் பிடிக்காமல் நேர்கோடு போடுவேன். எண்பது மீட்டர் நீளக் கப்பலில் ஒரு கோடு. இந்தக் கோடியில் ஆரம்பித்தால் அந்தக் கோடியில் ஒரு மயிரிழை விலகியிருக்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

வருடா வருடம் ஆகஸ்டில் என் மனைவியின் ஊரான அர்மிரா தீவுக்குப் போவோம். மாமனார் விட்டுப்போன வீடு கடலுக்கு நாற்பதடி தள்ளி இருக்கிறது. வாசலில் திராட்சைப் பந்தல். பந்தலுக்குக் கீழே கயிற்று நாற்காலி. அதில் சாய்ந்து, காலை நீட்டி, ஐஸ் போட்ட காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடல் ஓடிப்போகாமல் காவல் காப்பதுதான் விடுமுறை. அந்தப் பாக்கியம் இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. காரணம் சுண்ணாம்பு.

என் மனைவி பெயர் கலியோப்பி. பெயரில் ஓப்பி இருக்கிறதே தவிர, நான் சொன்ன எதையும் அவள் ஒப்பியதில்லை. ஆனால் ஒருநாளும் "வெள்ளையடிங்க" என்று அவள் வாயால் சொன்னதும் இல்லை. சுவர் முன்னால் போய் நிற்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். "அப்பா இருந்தப்ப இந்தச் செவுரு எப்படி இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் நான் ஏணி மேல் இருப்பேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே நினைவிருக்காது. போன வருடம் பன்னிரண்டு நாள் விடுமுறையில் ஒன்பது நாள் ஏணி. ஊருக்குத் திரும்பியதும் "கடல்ல நல்லா குளிச்சியா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். சுண்ணாம்பில் குளித்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இந்த வருடம் முதுகுவலி.

முதுகுவலி மாதிரி நல்ல வியாதி உலகத்தில் கிடையாது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். இருமல் என்றால் நாள் முழுவதும் இருமிக்கொண்டே இருக்க வேண்டும். அது வெள்ளையடிப்பதைவிடக் கடினமான வேலை. முதுகுவலிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. நோயாளி சொல்வதுதான் சட்டம்.

நான்காம் தேதி காலை அர்மிரா படகுத்துறையில் இறங்கினோம். பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை.

"என்னங்க?" என்றாள் கலியோப்பி.

"ஒண்ணுமில்ல. முதுகுல சின்னதா ஒரு பிடிப்பு."

"நிமிருங்க பாக்கலாம்."

"நிமிர்ந்தா கண்ணு இருட்டுது."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் வலியைக் காட்டினேன். அளவோடுதான். மிகை நடிப்பு எனக்குப் பிடிக்காது.

"முன்னாடியே இருந்துச்சா?"

"பட்டறை டாக்டர் போன மாசமே சொன்னாரு. உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம்னு மறைச்சுட்டேன். ஏணி ஏறக் கூடாதாம். கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாதாம். அப்புறம்..."

"அப்புறம்?"

"சுண்ணாம்பு வாசனை ஆகாதாம்."

"முதுகுக்கா?"

"நரம்பு வழியா இறங்குமாம்."

கலியோப்பி தலையாட்டினாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். "பாத்து வாங்க, கல்லு இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன். அந்த நிமிடம் முடிந்தது.

அன்று முழுவதும் நான் கயிற்று நாற்காலியில் இருந்தேன். தலைக்கு மேல் திராட்சைக் கொத்துகள். எதிரே கடல். தலையணை வந்தது. காபி வந்தது. சுவர் எனக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுவலிக்காரன் எப்படித் திரும்புவான்? முப்பத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் வெற்றி. என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக் கரியில் கணவாய் வேகிற வாசனை வந்தது. மாதா திருநாளுக்கு முந்தின பதினைந்து நாள் எங்களுக்கு நோன்பு. இறைச்சி கிடையாது, மீன் கிடையாது. ரத்தமில்லாத பிராணி என்பதால் கணவாய்க்குத் தடையில்லை.

"கணவாய் நமக்கும் உண்டா?" என்று கேட்டேன்.

"எனக்கு உண்டு. உங்களுக்குச் சுரைக்காய் வேகவெச்சிருக்கேன். உப்பில்லாம."

"ஏன்?"

"கணவாய் வாயு. முதுகைப் பிடிக்கும்."

"ஒரு சின்ன கிளாஸ் ஊசோ சாராயம்?"

"நரம்புக்கு ஆகாது. நரம்பு வழியா இறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆக, கணவாய்க்குத் தடையில்லை. கணவனுக்குத்தான் தடை.

மூன்றாம் நாள் இடுப்பைச் சுற்றிக் கம்பளி வந்தது. ஆகஸ்ட் மாதத்துக் கம்பளி. பூனைகூட நிழலில் மல்லாந்து கிடக்கிற வெயிலில் நான் ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடலில் கால் நனைக்கலாமா என்று கேட்டேன். ஈரம் ஏறும் என்றாள். காபிக்கடைக்குப் போய்ச் சீட்டு ஆடிவிட்டு வரட்டுமா என்றேன். குலுக்கினால் முதுகு அதிரும் என்றாள். கடல் நாற்பதடி தூரத்தில் இருந்தது. என்னைப் பொறுத்தவரை அது அமெரிக்காவில் இருந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். வீரன் தாங்குவான். நான்காம் நாள் யாகுமிஸ் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

யாகுமிஸ் கலியோப்பியின் பெரியப்பா மகன். எனக்கு மச்சான். கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கிற தொழில் செய்தவன். என் வயது. கிடா மாதிரி தோள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ். பிரஷ்ஷை அவன் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். விளக்குமாற்றை அப்படிப் பிடித்தால்கூட எங்கள் பட்டறையில் சீட்டைக் கிழித்துவிடுவோம்.

"என்ன மச்சான், படுத்துட்டியாமே?"

"உக்காந்துதான் இருக்கேன்."

"உனக்கு முடியலைன்னு கலியோப்பி சொல்லுச்சு. திருநாளுக்குள்ள வீடு வெளுக்கணுமே. சரி, நான் பாத்துக்கறேன்னு வந்தேன்."

"நீ வெள்ளையடிச்சிருக்கியா?"

"இதுல என்ன இருக்கு? நனைக்கணும், தடவணும்."

நனைக்கணும், தடவணும். முப்பத்து நான்கு வருட வித்தையை ரொட்டியில் எண்ணெய் தடவுகிற மாதிரி சொல்லிவிட்டான். ஆரம்பித்தான். நான் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னேன். சுவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விபத்து நடக்கிற இடத்தில் கண் தானாகப் போகும்.

சுண்ணாம்பு சுவரில் வழிந்தது. ஜன்னலில் வழிந்தது. நாலு கோழியில் ஒன்று வெளுத்தது.

"மச்சான், மேலேருந்து கீழ வா. கீழேருந்து மேல போகாத."

"எல்லாம் ஒரே செவுருதானே."

"நீலம் போட்டியா சுண்ணாம்புல?"

"கடலே நீலமாத்தானே இருக்கு?"

நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். கலியோப்பி உள்ளேயிருந்து வந்தாள். சுவரைப் பார்த்தாள். பெருமூச்சு விடுவாள் என்று காத்திருந்தேன். விடவில்லை.

"அடேயப்பா. அண்ணே, உங்க கைல இப்படி ஒரு நயம் இருக்கும்னு தெரியாம போச்சே. பட்டறைக்குப் போயிருந்தா நீங்கதான் மேஸ்திரி."

"ஜன்னல் ஓரத்தைப் பாரு கலியோப்பி. பாம்பு போன தடம் மாதிரி போகுது" என்றேன்.

"நீங்க பேசாதீங்க. பேசினா முதுகு அதிரும்."

யாகுமிஸ் ஏணியில் இருந்தபடியே சிரித்தான். "விடும்மா. மச்சானுக்கு வேற கவலை. பதினஞ்சாம் தேதி போட்டி இல்ல?"

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே முதுகு சில்லென்றது.

அர்மிராவில் மாதா திருநாள் மத்தியானம் அறுபது தாண்டியவர்களுக்கு நீச்சல் போட்டி உண்டு. படகுத்துறையிலிருந்து கடலுக்குள் இருக்கிற பாறை வரை போய்த் திரும்ப வேண்டும். மூன்று வருடமாக ஜெயித்தது நான். மூன்று வருடமும் இரண்டாவதாக வந்தது யாகுமிஸ். கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவனை பிரேயஸிலிருந்து வந்த மாப்பிள்ளை ஜெயிக்கிறான் என்று தீவே பேசும். நான்காவது வருடமும் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை எனக்கே சொந்தம். அதை வைக்க வீட்டில் அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன். முதுகுவலித் திட்டம் போட்டபோது எல்லாவற்றையும் யோசித்தேன். இதை மட்டும் யோசிக்கவில்லை.

"பாவம் மச்சான்" என்றான் யாகுமிஸ். "நீ இல்லாம ஜெயிக்கறது எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஜெயிச்சுடுவேன்."

அதற்குப் பிறகு நாலு நாள் அவன் வெள்ளையடித்தான். ஒரு சுவர் முடிந்ததும் கலியோப்பி இன்னொரு சுவரைக் காட்டினாள். பிறகு மதில். பிறகு கோழிக்கூடு. நான் கம்பளிக்குள் வெந்துகொண்டு வழி தேடினேன். சட்டென்று எழுந்து "சரியாப் போச்சு" என்று சொன்னால் பொய் வெளுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாவதற்கு நாள் இல்லை. ஒரே நொடியில் குணமாக வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

அப்படி ஓர் இடம் ஊரில் இருந்தது. மாதா கோயில்.

என் புத்தியை நினைத்து எனக்கே புல்லரித்தது. பதினாலாம் தேதி சாயங்கால வழிபாட்டுக்கு ஊரே வரும். ஊர் பார்க்க, மாதா முன்னால் கூன் நிமிர்ந்தால் எவன் கேள்வி கேட்பான்?

அன்று சாயங்காலம் கைத்தடி ஊன்றிப் புறப்பட்டேன். கோயில் குன்றின் மேல் இருக்கிறது. நாற்பத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் நின்று முனகினேன். கலியோப்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று கூடவே வந்தாள். கூட்டம் வழிவிட்டது.

பாதிரியார் பாப்பா நிகிதாஸ் பீடத்துக்கு முன்னால் நின்றிருந்தார். பாப்பா என்றதும் தொட்டிலைத் தேட வேண்டாம். எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். இந்தப் பாப்பா நூற்றிருபது கிலோ. தாடி மட்டுமே இரண்டு கிலோ இருக்கும்.

மெழுகுவத்தி ஏற்றினேன். மாதா படத்துக்கு முன்னால் குனிந்தேன். மனசுக்குள் மூன்று எண்ணினேன். கைத்தடியை விட்டேன். கல் தரையில் அது விழுந்த சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. மெதுவாக, எலும்பு எலும்பாக, நிமிர்ந்தேன்.

"கலியோப்பி" என்றேன், குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டு. "வலி போயிடுச்சு."

யாரோ ஒரு அம்மாள் விம்மினாள். கலியோப்பி அப்படியே முழங்காலிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். என் நடிப்பு பீடம் வரைக்கும் எட்டிவிட்டது என்று நினைத்தேன். அந்த வினாடியில் என்னைவிடப் பெருமை நிறைந்தவன் அந்தக் கடல் வட்டாரத்தில் இல்லை.

"பாப்பா" என்றாள் கலியோப்பி. குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "நான் மாதாகிட்ட ஒரு வேண்டுதல் வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. என் புருஷன் முதுகை நிமிர்த்திக் குடுத்தா, அவரு கையாலேயே இந்தக் கோயில் முழுக்க வெள்ளையடிச்சுத் தர்றேன்னு."

"ஆமென்" என்றது ஊர்.

"செவுரு, மணிக்கூண்டு, கூரைக் குமிழ், சுத்து மதிலு" என்றாள்.

"ஆமென்."

"நாப்பத்திரண்டு படியும்."

ஆமென் என்று சொன்னவர்களில் யாகுமிஸ் குரல்தான் பெரியதாக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். நூற்றைம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மாதாவும் பார்த்தாள். என்ன சொல்வது? முதுகு இன்னும் வலிக்கிறது என்றால் அற்புதம் நடக்கவில்லை. வலிக்கவே இல்லை என்றால் நான் பொய்யன். வெள்ளையடிக்க மாட்டேன் என்றால் நன்றி கெட்டவன்.

"ஆமென்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் போட்டி. கம்பளி இல்லாத உடம்பு தண்ணீரில் விழுந்ததும் பத்து நாள் கோபமும் கைக்கு வந்தது. பாறையைச் சுற்றும்போது யாகுமிஸ் என் பக்கத்தில் இருந்தான். பாதித் தூரம் திரும்பியதும் பின்னால் போனான். நான் படகுத்துறைக் கல்லைத் தொட்டபோது மணி அடித்தார்கள். கோப்பையை பாப்பா நிகிதாஸ் கையால் வாங்கினேன். நாலாவது முறை. என் பெயரை மூன்று தடவை சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் மூன்று தடவையும் கேட்டேன்.

யாகுமிஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கையே தூக்க முடியல மச்சான். நாலு நாள் ஏணில நின்னு அடிச்சேன்ல. அந்தக் கோழிக்கூடு என்னைக் கொன்னுடுச்சு."

கலியோப்பி துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என் காதைத் துவட்டினாள்.

"கோழிக்கூட்டுக்கு இந்த வருஷம் எதுக்கு வெள்ளை?" என்று கேட்டேன்.

"கோழிக்கும் திருநாள்தானே" என்றாள்.

பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் ஏணியில் இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் அந்தக் கோயிலை நான் அடித்த அடி அப்படி. முதலில் பழைய பொருக்கைச் சுரண்டினேன். சுவருக்குத் தண்ணீர் காட்டினேன். சுண்ணாம்பில் நீலம் போட்டேன், கண்ணுக்குத் தெரியாத அளவு. மேலிருந்து கீழே. ஒரு சொட்டு வழியவில்லை. ஜன்னல் ஓரத்தில் நூல் பிடிக்காமல் கோடு போட்டபோது கீழே பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். யாகுமிஸும் வந்தான்.

"மச்சான், நான் அடிச்ச ஜன்னலை நீயே மறுபடி அடிச்சுட்டுப் போ" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்ததை நான் வாழ்நாள் முழுக்க வைத்திருப்பேன்.

கலியோப்பி காலையில் காபி கொண்டுவந்தாள். மத்தியானம் கரியில் சுட்ட கணவாயும் ஒரு சின்ன கிளாஸ் ஊசோவும் கொண்டுவந்தாள். மதில் நிழலில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற போகிறவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டுக்காரரு. கப்பலுக்கு அடிச்ச கை" என்று சொன்னாள். எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அடுத்த படியை நான் இரண்டு பூச்சு அடித்தேன்.

ஆறாவது நாள் மத்தியானம் வந்த கப்பல் துறைக்குள் நுழையும்போது வழக்கத்துக்கு மாறாகச் சங்கை மூன்று முறை ஊதியது. கோயிலைப் பார்த்துத்தான். வெயிலில் அது அப்படிப் பளபளத்தது. நாற்பத்திரண்டாம் படியில் நின்று, இடுப்பில் கை வைத்து, அந்தச் சங்கை நான் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பந்தலுக்குக் கீழே காலை நீட்டியிருந்தபோது எனக்கு இந்தச் சுகம் வரவில்லை.

பிரஷ்களைக் கழுவ பாப்பா நிகிதாஸ் தண்ணீர் ஊற்றினார்.

"நல்லா அடிச்ச பந்தெலிஸ். இருபது வருஷத்துல இப்படி ஒரு வெள்ளை நான் பாத்ததில்ல."

"கை பாதி, சுண்ணாம்பு பாதி பாப்பா" என்றேன். பெரிய மனிதன் பாராட்டைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். "தயிர் மாதிரி இருந்துச்சு. ஒரு கட்டி இல்ல. ரெண்டு மாசமாவது ஊறினாத்தான் இந்தப் பதம் வரும்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. வேண்டுதல் தெரிந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"யாரு பாப்பா ஊறப் போட்டது?"

"நான்தான். ஜூன் மாசம் உன் சம்சாரம் போன் பண்ணுச்சு. 'ரெண்டு பீப்பா ஊறப் போடுங்க பாப்பா. இந்த வருஷம் இவருக்கு ஒரு வலி வரும். பதினாலாம் தேதி சாயங்காலம் கோயில்ல வெச்சுச் சரியாயிடும்'னு."

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். "முதுகுன்னே சொன்னாளா?"

"இல்லப்பா, முதல்ல முழங்கால்னுதான் சொல்லுச்சு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டு, முதுகுன்னு மாத்திச் சொல்லுச்சு."

முதலில் நானும் முழங்கால்தான் நினைத்திருந்தேன்.